காளையின் இடது கண்

வேகவைத்த கொள்ளின் வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. மகள் வீட்டில் கொள்ளு ரசம் கொதிக்கிற நாளில் நான் பேசாமல் எழுந்து வெளிவாசலுக்குப் போய்விடுவேன். "வயசான காலத்துல இந்தம்மாவுக்கு எத்தனை பிகு" என்று அவள் கரண்டியும் கையுமாக முணுமுணுப்பது என் காதில் விழத்தான் செய்யும். அவளுக்கு அது ரசம், சளிக்கு நல்லது. எனக்கோ அந்த வாசனையோடு ஐம்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி விடியற்காலை எழுந்து வந்துவிடும்: ஓசூர்ப் பக்கத்துப் பனி, பல்லைக் கிட்டவைக்கும் குளிர், இடுப்பைச் சுடும் கொள்ளுப் பானை, நீளமான மாட்டுக் கொட்டகை, அதன் கடைசித் தடுப்பில் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும் பசவா. அப்போது எனக்குப் பதின்மூன்று வயது.

உத்தனப்பள்ளிக்குப் போகிற பாதையில் ஒரு காளைப் பண்ணை இருந்தது. மத்திகிரியில் இருந்த அரசாங்கப் பண்ணையைச் சொல்லவில்லை. அது பெரியது, ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. எங்களுடையது பழைய மிட்டாதார் குடும்பம் ஒன்றின் சொந்தப் பண்ணை. இருபது முப்பது காளைகள், அவற்றைப் பார்க்க எங்களைப் போல ஆறேழு குடும்பங்கள், குடும்பத்துக்கு ஒரு ஓட்டு வீடு. வீடு வேலையோடு வந்தது, வேலை போனால் அதுவும் போய்விடும் என்பதால் எங்கள் வீட்டுப் பேச்செல்லாம் வேலையைச் சுற்றியே வரும். எந்த மொழியில் பேசினீர்கள் என்றால் சொல்வது கடினம்: வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, மாடுகளோடு கன்னடம். காளைகளெல்லாம் மைசூர்ச் சீமையிலிருந்து வந்தவை. "பாரோ" என்றால் வரும், "நில்லு" என்றால் நிற்கும், "வாடா" என்றால் நம்மைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

என் அப்பா அந்தக் காளைகளோடு பிறந்து வளர்ந்தவர் மாதிரிதான். அண்ணன் முனிராஜும் நானும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவர் ஏதாவதொரு காளையின் கழுத்தடியில் நின்று உண்ணி பிடுங்கிக்கொண்டிருப்பார். அந்த வருஷம் ஐப்பசியில், புதிதாக வந்த பசவா என்ற ஹள்ளிக்கார் இனக் காளை, அவரைக் கொம்பால் தூக்கித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போட்டது. நாங்கள் இருவரும் பத்தடி தூரத்தில் நின்று பார்த்தோம். அப்பா அதன் பக்கத்தில் போய் விலாவில் கை வைத்தார், அவ்வளவுதான், அது வெடுக்கென்று திரும்பியது. தொட்டியில் இடுப்பு பட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியிலிருந்து அவர் இரண்டு மாதம் கழித்து ஒரு கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார், அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் போகவில்லை.

பசவாவுக்கு முதுகின் இரண்டு பக்கமும் "பாடைச்சுழி" இருந்தது. மாடு வைத்திருப்பவர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களை வைத்து அதன் குணத்தையும், வாங்குகிற வீட்டின் தலையெழுத்தையும் சொல்லிவிடுவார்கள். பாடைச்சுழி இருந்தால் வீட்டிலிருந்து பாடை கிளம்பும் என்பது கணக்கு. மாட்டு மேஸ்திரி புட்டப்பா எல்லையைத் தாண்டி வந்தவர், அந்தச் சாஸ்திரத்தில் கரை கண்டவர், காளையின் பல்லைப் பார்ப்பதற்கு முன் சுழியைத்தான் பார்ப்பார். "நான் அன்னிக்கே சொன்னேன், எஜமான் கேக்கல" என்று அவர் சொல்லாத நாளில்லை. அப்பாவுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேரைப் பசவா முட்டித் தள்ளியது. அதன் பிறகு நீளமான கழியில் கூடையைக் கட்டித் தூரத்திலிருந்தே தீனியைத் தள்ளினார்கள்.

எஜமான் என்று நாங்கள் சொன்னது பண்ணைக்காரர் வீட்டுப் பெரியவரை. கெட்டவர் இல்லை, அப்பாவின் இடுப்புக்குத் தன்னால் ஆனதைச் செய்ய நினைத்தார். மாட்டு வைத்தியத்தில் உதவியாளர் பயிற்சிக்குத் தன் செலவில் ஒரு பையனை அனுப்புவதாகவும், அது முனிராஜாக இருக்கட்டும் என்றும் சொன்னார். வேலை இருக்கும் வரை வீடும் எங்களுக்கே. ஆனால் ஒரு நிபந்தனை: தை மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து மாட்டு டாக்டர் வருவார், அவர் முன்னால் பையன் பசவாவைத் தடுப்பிலிருந்து அவிழ்த்து, முற்றத்தின் அந்தக் கோடியிலிருக்கிற தொட்டிக்கு நடத்திப்போய்த் தண்ணீர் காட்டி, திரும்பக் கொண்டுவந்து கட்ட வேண்டும். "மாட்டைக் கண்டு பயப்படறவன் வைத்தியம் பாத்து என்னா பண்றது?" என்றார். நியாயமான கேள்விதான்.

முனிராஜுக்கு அப்போது பதினாறு வயது. எட்டாவது தேறியவன், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், ஆனால் அந்த ஐப்பசிக்குப் பிறகு கன்றுக்குட்டி கத்தினால்கூட அவன் முகம் வெளுத்துப் போகும். அவன் பயத்தைத் தெளிவிக்க எங்கள் வீட்டில் செய்யாத வைத்தியம் இல்லை. மந்திரித்த தாயத்து கட்டினார்கள், முச்சந்தி மண்ணெடுத்துச் சுற்றிப் போட்டார்கள், வேப்பிலை அடித்தார்கள், சூடு காட்டிய இரும்பை நீரில் முக்கி அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். அப்பா கட்டிலில் கிடந்தபடி, "அஞ்சினவன் கண்ணுக்கு ஆகாசமெல்லாம் பேய்டா. துணிஞ்சவனுக்குத் துக்கமில்ல" என்று நாள் தவறாமல் சொல்வார். வீட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தால் அது அவனுக்கு. அதே ஐப்பசியில் அதே பத்தடி தூரத்தில் நின்று நானும்தான் பார்த்தேன், எனக்கும்தான் ராத்திரியெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் ஒருத்தரும் என் நெற்றியில் ஒரு சிட்டிகை விபூதி வைக்கவில்லை. பெண்பிள்ளை பயப்படுவது நோய் என்று யாரும் நினைக்கவில்லை.

நான் அப்போது எட்டாம் வகுப்பு. அதற்கு முந்திய வருஷம் அம்மை குத்திக்கொள்ள ஓசூருக்குப் போனபோது அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியின் ஜன்னலோரம் சிறிது நேரம் நின்றேன். உள்ளே கரும்பலகையில் ஒரு தவளையைப் போட்டு, அதன் வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்த ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பெயர் எழுதியிருந்தார்கள். எங்கள் பண்ணையில் செத்த மாட்டை அறுக்கும்போது பார்த்திருக்கிறேன், எல்லாம் வெறும் குடல் என்றுதான் சொல்வார்கள். அதற்குள் இத்தனை சாமான் இருக்கிறதென்றும், ஒவ்வொன்றுக்கும் பெயரும் வேலையும் உண்டென்றும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெயர்களையெல்லாம் படித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. வீட்டில் சொன்னபோது அம்மா, அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தவள், ஒரு கையை நெருப்பின் மேல் நீட்டிச் சத்தியமாகச் சொன்னாள்: "உங்கண்ணன் மாசச் சம்பளக்காரன் ஆவட்டும் புள்ள. மறுநாளே உன்ன ஐஸ்கூல்ல சேத்துடறேன். இந்த அடுப்பு மேல சத்தியம்."

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொட்டகைக்குள் கொண்டுபோனது. அப்பாவின் வேலையை அப்போது அம்மாவும் நானும் பங்கிட்டுக்கொண்டிருந்தோம். விடியற்காலையில் கொள்ளு வேகவைத்துக் காளைகளுக்கு ஊற்றுவது என் பங்கு. முதல் நாள், பசவாவின் தடுப்பிலிருந்து எண்ணினால் ஐந்தாவது தூண் வரைக்கும் போய்ப் பானையை வைத்துவிட்டுக் கழிக்காரரைக் கூப்பிட்டேன். மறுநாள் நான்காவது தூண். இப்படித் தினம் ஒரு தூணாகக் கழித்துக்கொண்டு போனேன். துணிச்சல் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளும் வரவில்லை. தவளை, தவளை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, பயத்தையும் பானையையும் சேர்த்துச் சுமந்துகொண்டுதான் போனேன்.

ஒருநாள் பானை சரிந்து கொள்ளு தரையில் கொட்டிவிட்டது. ஒரு மணி வீணானாலும் திட்டு விழும், ஆகவே கழியைப் பிடிக்க ஆள் வருவதற்குள் பொறுக்கிவிடலாம் என்று குனிந்தவாறே தடுப்பின் அடிவரை போய்விட்டேன். அப்போதுதான் சூரியன் எழும்பி, கொட்டகையின் ஓரச் சந்து வழியாக வெளிச்சம் சாய்வாக உள்ளே விழுந்தது. நான் கீழேயிருந்து மேலே பார்த்தேன். பசவாவின் இடது கண்ணில், கருவிழியின் நடுவில், அரிசி நொய்யைத் தூவினாற்போல ஒரு வெள்ளை. பூ விழுந்திருந்தது. நேராக நின்று பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது, அதிலும் கழியின் நீளத்துக்கு அப்பால் நிற்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. மெதுவாகக் கையைத் தூக்கி அந்தக் கண்ணுக்கு எதிரே ஆட்டினேன், இமைக்கவில்லை. வலது கண்ணுக்கு எதிரே ஆட்டினேன், டக்கென்று இமைத்தது. மூன்று தரம் ஆட்டிப் பார்த்தேன், மூன்று தரமும் அப்படியே.

எங்கள் பண்ணையில் காளையை இடது பக்கமாகப் போய்ப் பிடிப்பதுதான் வழக்கம். எல்லாரும் அப்படியே பழகியவர்கள். அப்பாவும் அன்றைக்கு இடது பக்கமாகத்தான் போனார், சத்தமில்லாமல் போனார், தொட்டார். கண் தெரியாத பக்கத்திலிருந்து திடீரென்று ஒரு கை விழுந்தால் எந்த ஜீவன்தான் துள்ளாது? அதற்குக் கோபம் இல்லை, அதுவும் எங்களைப் போலப் பயந்துதான் கிடந்தது என்று தெரிந்த அந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய்ப் புட்டப்பாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "சுளி நோடு மகளே. கண்ணு நோடிகொண்டு ஏனு மாடுத்தி?" என்றார். சுழியைப் பார், கண்ணைப் பார்த்து என்ன செய்யப்போகிறாய் என்று அர்த்தம். நாற்பது வருஷம் மாட்டோடு இருந்த மனுஷர். முதுகிலேயே விடை எழுதியிருக்கும்போது மூஞ்சியை எதற்குப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

பிறகு முனிராஜிடம் சொன்னேன். அவன் நம்பினான் என்பதைவிட, நம்புவதற்கு வேறு எதுவும் அவனுக்கு மிச்சமில்லை என்பதே சரி. மறுநாளிலிருந்து விடியற்காலையில் இரண்டு பேரும் போனோம். நான் முன்னால், அவன் என் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால். வலது பக்கமாகப் போக வேண்டும், வாயை மூடாமல் பேசிக்கொண்டே போக வேண்டும், முதலில் திமிலில் கை, பிறகு கழுத்து, கடைசியாகத்தான் மூக்கணாங்கயிறு. இது யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததல்ல, தப்பித் தப்பி நானாகக் கண்டுபிடித்தது. இரண்டு முறை அது தலையை வீசியதில் என் முன்கை வீங்கிவிட்டது. காளையோடு என்ன பேசுவது என்று தெரியாமல், பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்த விஞ்ஞானப் பாடத்தையே ஒப்பித்தேன். "தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியால் தமக்கு வேண்டிய உணவைத் தயாரிக்கின்றன" என்றால் பசவா காதை முன்னால் மடக்கிக்கொண்டு கேட்கும். மார்கழி பாதி கழிவதற்குள் எனக்கு இரண்டு பாடம் தலைகீழ்ப் பாடமாகிவிட்டது, பசவாவும் கயிற்றுக்கு நடந்தது.

முனிராஜ் கயிற்றைத் தொட இன்னும் பத்து நாள் ஆயிற்று. நடுவில் ஒருநாள் வாந்தி எடுத்தான், இன்னொரு நாள் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, "எனக்கு வேணாம் கௌரி, நான் எங்கியாவது ஓடிப்போயிடறேன்" என்றான். நான்தான் அவன் கையைப் பிடித்திழுத்து வந்தேன். அவன் மேலிருந்த பாசம் என்று சொன்னால் பாதிப் பொய். அவன் ஓடிப்போனால் என் தவளையும் அவனோடு ஓடிப்போய்விடும். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அவன் தனியாகவே பசவாவைத் தொட்டிவரை நடத்திப்போனான். நான் பக்கத்தில் நடந்தபடி பாடத்தைச் சொல்லிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

டாக்டர் வந்த நாளில் பண்ணையே முற்றத்தில் கூடியிருந்தது. எஜமானுக்கும் டாக்டருக்கும் நாற்காலி, அப்பாவுக்கு ஒரு முக்காலி. பெண்டுகள் படலுக்கு அந்தப் பக்கம். முனிராஜ் வலது பக்கமாகப் போனான், திமிலில் கை வைத்தான், கயிற்றைப் பிடித்து வெளியே கொண்டுவந்தான். பாதி முற்றம் வந்திருப்பார்கள். இடது பக்கம் நின்ற யாரோ செருமினார்கள். பசவா நின்றது. தலை தாழ்ந்தது. முனிராஜின் கை கயிற்றோடு அப்படியே விறைத்துப் போனதையும், அவன் உதடு ஒட்டிக்கொண்டதையும், அப்பா முக்காலியிலிருந்து எழப்பார்த்து முடியாமல் உட்கார்ந்ததையும் நான் படலின் சந்து வழியாகப் பார்த்தேன். பேச வேண்டும், அவன் பேச வேண்டும், அவனுக்கோ நாக்கு எழவில்லை. நான் வலது பக்கத்துப் படலோரமாக ஓடிப்போய் உரக்க ஆரம்பித்தேன்: "தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியால் தமக்கு வேண்டிய உணவைத் தயாரிக்கின்றன. இலையில் உள்ள பச்சையம்..." பசவாவின் காது மடங்கியது. ஒரு அடி வைத்தது. நான் படலோரமே நடந்தேன், அது கூடவே நடந்தது, முனிராஜும் இழுபட்டு நடந்தான். தண்ணீர் குடித்துத் திரும்பி வந்து கட்டிப்போடும் வரைக்கும் நான் நிறுத்தவில்லை.

"அந்தப் பொண்ணு என்னா படிக்குது அங்க?" என்று டாக்டர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அவர் முனிராஜைக் கூப்பிட்டு, எல்லாரும் இடது பக்கம் போய் முட்டு வாங்கும்போது நீ மட்டும் ஏன் வலது பக்கம் போனாய் என்று கேட்டார். முனிராஜ் கைகட்டி நின்று, "இடது கண்ணுல பூ விழுந்திருக்குதுங்க. காலை வெயில்ல கீழ இருந்து பாத்தாத்தான் தெரியும்ங்க" என்றான். டாக்டர் எழுந்து, வலது பக்கமாகப் போய், காளையின் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தார். "யாரு பாத்தது?"

முனிராஜ் என்னைப் பார்க்கவில்லை. "நான்தாங்க" என்றான்.

டாக்டர் அவன் முதுகில் தட்டி, "இந்தக் கண்ணு நூத்துல ஒருத்தனுக்குத்தான் இருக்கும்" என்றார். அப்பா அழுதார். புட்டப்பாகூட வாயைப் பிளந்துகொண்டு நின்றார். நான் சொன்னது அவருக்கு நினைவிருந்ததோ இல்லையோ, அவரும் அதை வெளியே சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு அவ்வளவாகக் கோபம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? அண்ணனுக்கு வேலை கிடைத்தால் போதும், சொல்லிவிட்டுப் போகிறான் என்றுதான் நினைத்தேன். எனக்கு வேண்டியது அந்த முதுகுத் தட்டல் இல்லை. சித்திரை போய் வைகாசி போனால் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

முனிராஜ் மாசியில் பயிற்சிக்குப் போனான். நான் பங்குனியில் பரீட்சை எழுதினேன்; தாவரங்கள் உணவு தயாரிப்பதைப் பற்றி ஒரு கேள்வி வந்தது, கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். ஆனால் படலோரம் நான் கத்திக்கொண்டு ஓடியதை அன்றைக்கு முற்றத்திலிருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். அதற்கு முந்திய நாட்களில் இருட்டோடு கொட்டகைக்குப் போனதும், காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. "பொட்டப்புள்ள காளையப் புடிக்குதாம்" என்ற பேச்சு ராயக்கோட்டை வரைக்கும் போய் எங்கள் அத்தை வீட்டு வாசலில் நின்றது. ஐஸ்கூல் பேச்சை நான் எடுத்த அன்று அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "காளைக்கே பயப்படாதவ கட்டினவனுக்குப் பயப்படுவாளான்னு கேக்கறாங்க புள்ள. பேச்சு இன்னும் பரவறதுக்குள்ள ஒருத்தன் கையில உன்னப் புடிச்சுக் குடுத்துடணும்." அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் மேல் செய்த சத்தியத்தை நான் ஞாபகப்படுத்தினேன். "அது வேற, இது வேற" என்றாள்.

விடுமுறைக்கு முனிராஜ் கால்சட்டையும் கைக்கடிகாரமுமாக வந்தான். அவன் சொன்னால் வீட்டில் நடக்கும். அப்போது அவன் வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை. கொட்டகைக்குப் பின்னால், அவன் ஓடிப்போகிறேன் என்று அழுத அதே இடத்தில் நின்று, "அண்ணா, அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லு. காளைய நான் ஏன் புடிச்சேன்னு சொல்லு" என்று கேட்டேன். அவன் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே, "பெரியவங்க பேச்சுல நான் என்னா சொல்றது? அவுங்க உன் நல்லதுக்குத்தான் செய்வாங்க" என்றான். அவனுக்குக் காளைப் பயம் தெளிந்துவிட்டது, மற்ற பயமெல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவனை இழுத்துக்கொண்டு மார்கழிப் பனியில் முப்பது நாள் நடந்தும் அவன் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வாங்க முடியவில்லையே என்று அன்றைக்குத்தான் எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இன்னும் அணையவில்லை, அணைய வேண்டும் என்று நான் சாமி கும்பிட்டதும் இல்லை.

ஆனி மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் என்னைக் கொடுத்தார்கள். கட்டினவர் நல்லவர்தான், எனக்கு அவரிடம் பயமில்லை, அவருக்குத்தான் என்னிடம் கொஞ்சம் இருந்தது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழ் தபாலில் பண்ணைக்கு வந்து, கை மாறி, தீபாவளிக்கு என்னிடம் வந்து சேர்ந்தது. பசவாவை அந்த வருஷமே சந்தையில் விற்றுவிட்டார்களாம். கண்ணுக்கு மருந்து போடலாம், பாடைச்சுழிக்கு என்ன மருந்து என்று புட்டப்பா சொன்னதை எஜமான் கடைசியில் கேட்டுக்கொண்டார். எட்டாவது வரை படித்தவள் இவ்வளவு எழுதுகிறாளே என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: என் பிள்ளைகள் நால்வரின் பாடப்புத்தகங்களையும் அவர்களுக்கு முன்னால் நான் படித்து முடித்திருக்கிறேன். தவளைப் பாடம் பெரியவனின் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்தது. அதைப் படித்தபோது எனக்கு வயது முப்பத்து மூன்று, மடியில் கடைக்குட்டி.

இதையெல்லாம் கிளறியது போன தை மாதம் நடந்த ஒரு கூட்டம். ஓசூரில் என் பேரன் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் கம்பெனியில், புதிதாக வந்த பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்ல, வாழ்க்கையில் முன்னேறிய பெரியவர் ஒருவரை அழைத்தார்கள். அழைக்கப்பட்டவர் கால்நடைத் துறையில் பெரிய பதவிவரை போய் ஓய்வு பெற்ற என் அண்ணன். எண்பதைத் தாண்டியும் குரல் கணீரென்று இருக்கிறது. என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். ஏழைக் குடும்பத்தில் பிறந்த பையன், தந்தையை வீழ்த்திய காளை, ராத்திரியெல்லாம் நடுங்கிய உடம்பு, காளைக்கு ஒரு கண் தெரியாது என்று தானே கண்டுபிடித்த சாமர்த்தியம், ஒருநாள் தனக்குள்ளிருந்து எழுந்த துணிச்சல் என்று அடுக்கிக்கொண்டே போய், "பயத்தை வெல்லும் வழி உங்களுக்குள்ளேயே இருக்கிறது. துணிந்தவனுக்குத் துக்கமில்லை" என்று முடித்தான். பிள்ளைகள் குறிப்பேடுகளில் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். அந்தப் பழமொழியைச் சொல்லி வைத்த புண்ணியவான் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், நீல உடுப்புப் போட்ட பயிற்சிக்காரப் பெண், எழுந்து கேட்டாள்: "சார், அந்தக் காளைக்கு எந்தக் கண்ணு தெரியல?"

முனிராஜ் ஒரு கணம் யோசித்தான். "வலது கண்" என்றான்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியாது. "இடது கண்ணு" என்றேன். மண்டபம் பூராவும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். படலோரம் கத்திய தொண்டை இன்னும் இருக்கிறது. முனிராஜ் என்னைப் பார்த்தான். அறுபத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய பார்வையை அப்போதுதான் பார்த்தான், அதுவும் ஒரு நொடிதான். பிறகு ஒலிபெருக்கியில் சிரித்தான். "என் தங்கச்சிதான். பாவம், வயசாயிடுச்சு, ஞாபகம் கொஞ்சம் முன்ன பின்ன ஆவுது" என்றான். எல்லாரும் அன்பாகச் சிரித்தார்கள். பேரன் என் தோளைப் பிடித்து மெதுவாக உட்கார வைத்தான்.

திரும்பும்போது உத்தனப்பள்ளி ரோட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். பண்ணை இருந்த இடத்தில் சுற்றுச்சுவர் எழுப்பிக் கம்பெனி பஸ்களை நிறுத்தியிருக்கிறார்கள். கொட்டகை இல்லை, தொட்டி இல்லை, படல் இல்லை. அப்பா, அம்மா, புட்டப்பா, எஜமான், டாக்டர், ஒருவரும் இல்லை. பசவாவின் முகத்தைக் கீழேயிருந்து பார்த்த ஒரே ஆள் நான், என் ஞாபகம் முன்னே பின்னே ஆகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லியாகிவிட்டது. குறிப்பேடுகளிலெல்லாம் வலது கண் என்றுதான் இருக்கும். அதை நம்பி ஒருவன் காளையிடம் போனால் இடது பக்கமாகத்தான் போவான், அப்பா போன பக்கம். நல்லவேளை, அங்கே இப்போது காளை எதுவும் இல்லை.